அறுபது டிகிரியில் அழுகண்ணி

சென்ட்ரிஃபியூஜ் சுழன்று நின்றதும் சஜ்னா மூடியைத் திறந்து, ஆறு குழாய்களையும் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வரிசையாக வைத்தாள். ஆறும் ஒரே மாதிரிச் சிவந்திருந்தன. மூன்றாவது முறையாகச் செய்தும் இதே கதி.

சிவக்காமல் இருக்க வேண்டிய குழாய்கள் அவை. ரத்தத்தின் சிவப்பணுவை உப்புக் குறைந்த தண்ணீரில் போட்டால் தண்ணீர் அணுவுக்குள் புகும். அணு உப்பி, கடைசியில் வெடித்து, உள்ளிருக்கும் சிவப்பைக் கொட்டும். ஏதாவது ஒரு மருந்து அந்த அணுவின் தோலை இறுகப் பிடித்து வைத்தால் வெடிப்பது குறையும். பிறகு குழாயைச் சுழற்றும்போது முழுதாக இருக்கிற அணுக்கள் அடியில் படிந்துவிடும், மேலே தண்ணீர் தெளிந்து நிற்கும். மேல்தண்ணீர் எவ்வளவு சிவப்போ அவ்வளவு தோல்வி.

வீக்கம் குறைக்கும் மருந்து தேடுவதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்குச் சஜ்னா சலிக்காமல் விளக்குவாள். நம் உடம்பின் அணுக்களுக்குள் அரிக்கும் நொதிகளை அடைத்து வைத்த நுண்ணிய பைகள் உண்டு. வீக்கம் வந்த இடத்தில் இந்தப் பைகள் வெடித்து, சுற்றியிருக்கும் நல்ல சதையையும் அரிக்கின்றன. அந்தப் பையின் தோலும் சிவப்பணுவின் தோலும் ஏறக்குறைய ஒரே மாதிரி நெய்தவை. எனவே ஒன்றை வெடிக்காமல் காக்கும் பொருள் மற்றதையும் காக்கக்கூடும். அதற்கு மேல் இந்தச் சோதனை எதையும் சொல்லாது. ஆனால் முதல் படி அதுதான்.

போன வருஷம் ஜனவரியில் இதே சாறு, இதே அளவில், நூற்றுக்கு அறுபத்திரண்டு அணுக்களைக் காத்திருந்தது. கடையில் விற்கும் வலி மாத்திரையின் மருந்து எழுபதைக் காத்தது. இப்போது இந்தச் சாறு காத்தது பதினான்கு.

சாறு எடுத்த செடியின் பெயர் அழுகண்ணி. ஒரு சாண் உயரம்கூட வராது. நூல் போன்ற இலைகள். இலை முழுக்கச் சிவந்த மயிர்கள். ஒவ்வொரு மயிரின் நுனியிலும் ஒரு சொட்டுப் பசை. உச்சிவெயிலிலும் காயாத அந்தச் சொட்டைப் பனித்துளி என்று நினைத்து வந்து உட்காரும் கொசுவும் ஈயும் ஒட்டிக்கொள்ளும். இலை மெல்ல வளைந்து, பூச்சியைச் சுற்றி மடித்து, கரைத்துக் குடித்துவிடும். சத்தில்லாத சரல்மண்ணில், பாறைக்குக் கீழே நீர் கசியும் இடத்தில் முளைக்கிற செடிக்கு மண்ணிலிருந்து கிடைக்காததைக் காற்றிலிருந்து பிடித்துத் தின்னும் வழி அது. பிடித்த பூச்சி செரித்து முடிவதற்குள் இலையில் பூசணம் பிடிக்காமல் இருப்பதற்கென்றே செடி தனக்குள் ஒரு மஞ்சள் நிறப் பொருளை வைத்திருக்கிறது என்று சொல்கிறார்கள். பிளம்பாஜின் என்று பெயர். கொடிவேலியின் வேரிலும் அதுதான் இருக்கிறது.

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியின் தாவரவியல் துறையில் ஐந்து வருஷமாக முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவள் சஜ்னா. தேங்காப்பட்டணத்திலிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வருகிறாள். ஆய்வேட்டில் ஆறு இயல்கள், ஆறு செடிகள். முதல் ஐந்தும் வேறு யாரோ எங்கோ ஏற்கெனவே ஆராய்ந்து முடித்தவை. ஆறாவதுதான் அழுகண்ணி, புதிதாகச் சொல்ல இருந்தது அந்த ஒன்றுதான். மார்ச் முப்பத்தொன்றோடு பதிவுக்காலம் முடிகிறது. ஒருமுறை நீட்டித்தாகிவிட்டது, இன்னொரு முறை நீட்டிக்க விதி இல்லை.

மூன்றாவது தோல்வியையும் கொண்டுபோய் வழிகாட்டி பிரிஜா மேடத்திடம் காட்டினாள். மேடம் திட்டவில்லை. இரண்டு பருவத்துச் செடியில் வந்தால்தான் முடிவு, ஒரு பருவத்தில் மட்டும் வந்தது தற்செயல் என்றார். போன வருஷக் கணக்கில்தான் எங்கோ தப்பு நடந்திருக்க வேண்டும் என்றும் சொன்னார். பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய படிவத்தில் இயல்களின் பெயர்களை ஐந்தோடு நிறுத்தி, தட்டச்சு செய்து வைத்துவிட்டார்.

“ஒரு வாரம் தாங்க மேடம்,” என்றாள் சஜ்னா.

“என்ன பண்ணப் போற?”

“எங்க தப்புன்னு பாக்கணும்.”

மேடம் நாட்காட்டியைப் பார்த்தார். பொங்கல் விடுமுறை நடுவில் வந்தது. இரண்டு வாரம் தந்தார்.

சஜ்னா ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டாள். ரத்தம் அவளுடையதுதான், போன வருஷமும் இந்த வருஷமும். ரத்தம் கொடுப்பவர் இரண்டு வாரத்துக்கு வலி மாத்திரை தொட்டிருக்கக் கூடாது; தலைவலிக்குக்கூட அவள் எதையும் விழுங்கவில்லை. உப்புத் தண்ணீரைப் புதிதாகக் கலந்து பார்த்தாள். சாறெடுக்கும் ஸ்பிரிட்டை வேறு புட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். வலி மாத்திரை மருந்து இப்போதும் எழுபதையே காட்டியது. அப்படியானால் சோதனையில் கோளாறு இல்லை. செடி வேறு இனமோ என்று, ஒட்டி வைத்திருந்த இரண்டு பருவத்து மாதிரிகளையும் லென்ஸ் வைத்து ஒப்பிட்டாள். ஒரே இனம், மயிலாடிப் பக்கத்தில் ஒரே பாறையடி. மிஞ்சியது பருவம். போன வருஷம் ஜனவரியில் பறித்தாள். இந்த முறை நேரம் போதாது என்று நவம்பர் மழையிலேயே நானூறு செடி பறித்துவிட்டாள். இளஞ்செடியில் பொருள் ஊறவில்லையோ? அப்படித்தான் இருக்கும் என்று ஏறத்தாழ நம்பியும்விட்டாள்.

நான்காம் நாள் மத்தியானம் ஆய்வகத்தில் அவளும் அட்டெண்டர் அல்போன்ஸும் மட்டும் இருந்தார்கள். அல்போன்ஸ் இனயம் ஊர்க்காரர், ஐம்பது தாண்டியவர். குழாய் கழுவுவது, ஸ்பிரிட் அளந்து தருவது, துறையின் சாவிகளைக் காப்பது எல்லாம் அவர்தான். ஈ தின்னும் செடிக்குப் பட்டம் கொடுத்தால் செத்த ஈக்கு என்ன கொடுப்பார்கள் என்று நானூறு செடியிலிருந்தும் பூச்சியை இடுக்கியால் பிடுங்கிக்கொண்டிருந்த நாளில் அவளைக் கேட்டவர். அன்றைக்குக் கேலி எதுவும் இல்லாமல் பக்கத்தில் வந்து நின்றார்.

“மக்கா, சட்டையில பிடிச்ச மஞ்சக் கறைக்கு இங்க வல்ல மருந்தும் இருக்கா?”

“சாம்பாரா அண்ணே?”

“அதுதான் தெரியல்ல. எனக்க வீட்டுக்காரி நேசம்மா மஞ்சள்னு நெனச்சு சோப்புத் தண்ணியில முக்கினா. கத்தரிப்பூ நிறமாட்டு மாறிச்சு. அலசி எடுத்தா பழையபடி மஞ்சள். ரெண்டு மாசமா இதே கூத்து. எந்தக் கல்யாண வீட்டுப் பந்தியில விழுந்து எழும்பினியன்னு கேக்கா.”

சஜ்னா எழுதுவதை நிறுத்தினாள். மஞ்சள்கறை சோப்புப் பட்டால் சிவக்கும். எல்லா வீட்டிலும் வேட்டியில் பார்த்ததுதான். சோப்பு காரம், காரம் பட்டால் நிறம் மாறுகிற பொருள் மஞ்சளில் இருக்கிறது. ஆனால் மஞ்சளில் வருவது செங்கல் சிவப்பு. கத்தரிப்பூ நிறம் வராது. காரம் பட்டதும் கத்தரிப்பூ நிறமாகிற மஞ்சள் பொருள் ஒன்றை அவள் ஐந்து வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தாள். செடியில் பிளம்பாஜின் இருக்கிறதா என்று பார்க்க அவர்கள் செய்கிற முதல் சோதனையே அதுதான்.

அந்தச் சட்டையை எங்கே போட்டிருந்தார் என்று கேட்டாள். எங்கும் போடவில்லை, நனைந்ததைக் காயவிட்டு உணக்க மட்டும்தான் செய்தேன் என்றார் அவர். எங்கே என்று மறுபடி கேட்டாள். அல்போன்ஸ் கதவைப் பார்த்தார்.

“மேடத்துக்கிட்ட சொல்லுவியா?”

“சொல்லாம முடியுமான்னு தெரியல்ல அண்ணே. எங்க உணக்கினிய?”

“ஓவன்ல.”

நவம்பரில் பத்து நாள் விடாத மழை. பஸ் நிறுத்தத்திலிருந்து கல்லூரி வருவதற்குள் முழுக்க நனைந்துவிடுவார். சாவி அவரிடம்தான் இருக்கிறது. காலையில் யாரும் வருமுன் சட்டையைக் கழற்றி, துறைக்குப் புதிதாக வந்திருந்த ஓவனின் மேல்தட்டில் பிழிந்து விரித்துவிட்டு, பழைய வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பெருக்குவார். ஒரு மணி நேரத்தில் சட்டை மொடமொடவென்று காய்ந்துவிடும். ஓவனில் செடியைத் தவிர எதையும் வைக்கக் கூடாது என்று மேடம் கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார். முந்தைய வாரம் யாரோ அதில் கிழங்கு சுட்டதால் வந்த உத்தரவு அது.

“கீழ்த்தட்டுல என்ன இருந்துச்சு?”

“உனக்க செடிதான். நான் அதைத் தொடல்ல, கேட்டியா. சத்தியமாட்டு தொடல்ல.”

அவர் தொடாதது உண்மைதான். செடிதான் அவர் சட்டையைத் தொட்டிருந்தது.

போன வருஷம் ஜனவரியில் ஓவன் கிடையாது. காற்றும் வறண்டிருந்தது. செய்தித்தாளுக்கு நடுவே செடிகளைப் பரப்பி, மின்விசிறியின் கீழ் நான்கு நாளில் காயவைத்தாள். ஜூனில் ஓவன் வந்தது. மேடம் ஒன்றரை வருஷம் கடிதம் எழுதி வாங்கியது. இந்த மாவட்டத்துக்கு ஆடி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு. பறித்த எந்தச் செடியிலும் மூன்றாம் நாள் வெள்ளைப் பூசணம் பூக்கும். பூசணத்துக்குப் பயந்து துறையில் எல்லாருமே எல்லாவற்றையும் ஓவனில் வைத்தார்கள். அறுபது டிகிரி, இரண்டு நாள். ஆராய்ச்சி நூல்களிலும் அப்படித்தான் இருந்தது. நவம்பரில் சஜ்னாவும் அதையே செய்தாள்.

பிளம்பாஜினுக்கு ஒரு குணம் உண்டு. சூடத்தைத் திறந்து வைத்தால் உருகாமலே காற்றில் கரைந்து காணாமல் போகும் அல்லவா, கிட்டத்தட்ட அந்தக் குணம். உருகுவதற்கு எழுபத்தெட்டு டிகிரி வேண்டும். ஆனால் அதற்கு முன்பே ஆவியாகக் கிளம்பிவிடும். சஜ்னாவுக்கு இது தெரியாததல்ல. தேர்வில் எழுதியிருக்கிறாள். எழுதியதும் ஓவனும் மனதில் ஒரே இடத்தில் சந்திக்கவில்லை, அவ்வளவுதான். செடியிலிருந்து கிளம்பிய ஆவி மேலே போகும். போகிற வழியில் எது குளிர்ந்திருக்கிறதோ அதில் படியும். ஈரத்துணியிலிருந்து தண்ணீர் ஆவியாகும்போது துணி குளிரும். பானைத் தண்ணீர் குளிர்வதும் அதனால்தான். சூடான அந்தப் பெட்டிக்குள் குளிர்ந்த இடம் ஒன்றே ஒன்று. அது அல்போன்ஸின் சட்டை.

இது இன்னும் ஊகம்தான். சஜ்னா பஞ்சை அம்மோனியா என்ற காரக் கரைசலில் தொட்டு, அணைந்து கிடந்த ஓவனுக்குள் தலையை விட்டு, மேல்தகட்டில் காற்று வெளியேறும் துளையைச் சுற்றித் துடைத்தாள். வெளியே எடுத்த பஞ்சு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அல்போன்ஸ் அதை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“இதேதான்,” என்றார். “இதே நெறம்.”

மேடம் பஞ்சைப் பார்த்தார், கேட்டார், நாற்காலியில் சாய்ந்தார். சட்டை விஷயத்தைப் பிறகு பார்ப்போம் என்று ஒதுக்கினார். ஓவனில் ஆவி படிந்தது சரி. அதனால்தான் சோதனை தோற்றது என்பதற்கு இது சாட்சி ஆகாது என்றார். அது நியாயம்தான் என்று சஜ்னாவுக்கும் பட்டது. பொருள் போனது வேறு, பொருள் போனதால் பலன் போனது வேறு. இரண்டாவதைக் காட்ட ஒரே வழி: ஒரே நாள், ஒரே இடத்தில் பறித்த செடிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை நிழலிலும் மறுபாதியை ஓவனிலும் உலர்த்த வேண்டும். மற்றது எதுவும் மாறக் கூடாது.

“செடி மிச்சம் இருக்கா?” என்று மேடம் கேட்டார்.

“போய்ப் பாத்தாத்தான் தெரியும்.”

“இருக்கதை எல்லாம் பறிச்சிட்டு வந்திரு. நேரம் இல்ல.”

மறுநாள் அல்போன்ஸும் கூட வந்தார். வரச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மயிலாடி தாண்டி இறங்கி, கல் உடைத்த பள்ளங்களைச் சுற்றி நடந்தார்கள். பாறையடியில் கசிவு வற்றத் தொடங்கியிருந்தது. நவம்பரில் கால் வைக்க இடமில்லாமல் சிவந்து கிடந்த சரிவில் இப்போது திட்டுத் திட்டாகத்தான் செடி. சஜ்னா குந்தியிருந்து எண்ணினாள். எண்பத்தாறு.

அழுகண்ணி ஒரு வருஷச் செடி. மார்ச்சில் மண் காய்ந்ததும் செத்துப்போகும். அடுத்த மழைக்கு முளைப்பது விதையிலிருந்துதான். நவம்பரில் அவள் பறித்த நானூறில் ஒன்றுகூட விதை விட்டிருக்கவில்லை. அன்று இந்தக் கணக்கு அவளுக்குத் தோன்றவில்லை. செடி நிறைய இருந்தது. இப்போது தோன்றியது. எண்பத்தாறையும் எடுத்தாலும் பழைய முறைச் சோதனைக்குப் போதாது. எடுத்துவிட்டால் அடுத்த வருஷம் இந்தச் சரிவில் சரல் மட்டும்தான் இருக்கும். அவள் எழுதியதைச் சரிபார்க்க யாராவது வந்தாலும் பார்க்க ஒன்றும் இருக்காது.

வெயில் ஏற ஏற அவள் எடுக்காமலே உட்கார்ந்திருந்தாள். கையில் நோட்டுப் புத்தகம். குழாய்க்கு ஐந்து மில்லி வேண்டும் என்பது யார் விதித்தது? நிறம் அளக்கும் பழைய கருவியின் கண்ணாடிக் கிண்ணத்துக்கு அவ்வளவு வேண்டும், அதனால் எல்லாரும் அவ்வளவு எடுத்தார்கள். பக்கத்துத் துறையில், குழித்தட்டில் வைத்தே நிறத்தை அளக்கும் எலைசா ரீடர் இருக்கிறது. அதன் தட்டில் உள்ள குழிக்குக் கால் மில்லிகூட வேண்டாம். இருபதில் ஒரு பங்கு. நானூறு செடிக்கு இருபது செடி. சந்தேகத்துக்குச் செய்த சோதனைகளைக் கழித்து, ஒரு பாதிக்குப் பன்னிரண்டு என்று வைத்தால் இருபத்து நான்கு.

“எல்லாத்தையும் எடுக்கச் சொன்னாவல்லா மேடம்?” என்றார் அல்போன்ஸ்.

“இருபத்து நாலு போதும் அண்ணே.”

“பின்ன கொறஞ்சு போச்சுன்னு என்னை இன்னொரு தடவ இந்த வெயில்ல இழுக்கப்பிடாது.”

காய் முற்றிய செடிகளாகப் பார்த்து, பறிக்குமுன் ஒவ்வொன்றையும் மண்ணுக்கு மேல் கவிழ்த்து விரலால் தட்டினாள். மிளகாய்ப்பொடியைவிட நுண்ணிய கறுப்பு விதைகள் கொட்டின. அல்போன்ஸ் காற்றுக்குக் குறுக்கே நின்று கையை மறைப்பாகப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முட்டுவலி, இந்தச் செடியை அரைத்துப் பூசினால் கேட்குமா என்று வழியில் கேட்டார். குழாய்க்குள் இருப்பது முட்டு இல்லை என்று அவள் சொன்னாள். பூசினால் தோல் வெந்துபோகும் வாய்ப்புதான் அதிகம்; எந்த அளவு மருந்து, எந்த அளவு நஞ்சு என்று பார்க்க இன்னும் பத்துப் பேர் பத்து வருஷம் உழைக்க வேண்டும். அதற்குள் எனக்க முட்டு ஓய்வு வாங்கிரும் என்றார் அவர்.

பன்னிரண்டு செடிகள் செய்தித்தாளுக்கு நடுவே மின்விசிறியின் கீழ். பன்னிரண்டு செடிகள் ஓவனில், அறுபது டிகிரி, இரண்டு நாள், மேல்தட்டு காலி. உலர்ந்ததும் எடையைச் சரிசமமாக்கி, ஒரே அளவு ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டினாள். ஓவன் சாறு பழுப்பு. நிழல் சாற்றில் ஒரு பொன்னிறம் ஓடியது. நிறத்தைப் பார்த்து மகிழக் கூடாது என்பது அவள் ஐந்து வருஷத்தில் கற்றது. சாற்றின் நிறமே கருவியை ஏமாற்றும். ஆகவே ரத்தம் சேர்க்காத சாறு மட்டும் உள்ள குழிகளையும் தனியாக வைத்து, அந்த அளவைக் கழித்தாள். எந்தக் குழியில் எந்தச் சாறு என்று தனக்கே தெரியாமலிருக்க, இரண்டு சாற்றையும் மும்மூன்று புட்டிகளில் ஊற்றி, தாள் சுற்றி மறைத்து, எண் ஒட்டும் வேலையை அல்போன்ஸிடம் கொடுத்தாள். அவர் எழுதிய பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சோதனை முடியும்வரை அவள் இருந்த பக்கமே வரவில்லை.

மூன்று நாள், மூன்று முறை. மூன்றாவது முறையின் எண்கள் திரையில் வந்ததும் சஜ்னா அவற்றை எழுதி முடித்துவிட்டுத்தான் பட்டியலைக் கேட்டாள். ஒன்று, நான்கு, ஐந்து நிழல். இரண்டு, மூன்று, ஆறு ஓவன். நிழலில் காய்ந்தவை காத்தது சராசரி ஐம்பத்தொன்பது. ஓவனில் காய்ந்தவை பதின்மூன்று.

பருவம் காரணமில்லை. போன வருஷக் கணக்கும் தப்பில்லை.

இரண்டு வாரம் முடிய ஒரு நாள் இருக்கையில் தாள்களை மேடத்தின் மேசையில் வைத்தாள். மேடம் முதலில் கழித்தல் கணக்கைச் சரிபார்த்தார், பிறகு எடைகளை, பிறகு மூன்று நாளின் எண்களையும் ஒவ்வொன்றாக விரல் வைத்து. நடுவில் ஒருமுறை, எத்தனை செடி பறித்தாய் என்று கேட்டார். சொன்னாள். மேடம் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.

“நவம்பர் செடியோட எண்ணை என்ன செய்யலாம்?” என்றார் கடைசியில். “அதை விட்டுட்டு, ஜனவரிக்கு ஜனவரின்னு எழுதினா சுத்தமா இருக்கும்.”

“எழுதணும் மேடம். ஓவன்ல வச்சோம், போச்சுன்னு எழுதணும். இல்லன்னா அடுத்தது செய்யிறவங்களும் நானூறு செடியைப் பறிச்சு ஓவன்லதான் வைப்பாங்க.”

“அதுல எனக்க பேரும் இருக்கும்.”

“எனக்க பேருதான் முதல்ல இருக்கும்.”

மேடம் பேனாவைத் திறந்தார். பிறகு இழுப்பறையிலிருந்து படிவத்தை எடுத்து, தட்டச்சான ஐந்து இயல்களுக்குக் கீழே இருந்த வெற்றிடத்தில் ஆறு என்று போட்டு, செடியின் பெயரைக் கையாலேயே எழுதினார். அதன் பக்கத்தில், உலர்த்தும் முறையும் அதன் விளைவும், என்று சேர்த்தார். கையெழுத்துப் போட்டு நீட்டியவர், சஜ்னா வாங்கும்போது விடவில்லை.

“ஜூன்லருந்து அந்த ஓவன்ல நம்ம ஆளுங்க எத்தனை செடி உலர்த்தியிருப்போம்?”

சஜ்னா யோசித்தாள். தும்பை, நொச்சி, ஆடாதோடை. நொச்சிக்கும் வாசனை உண்டு. வாசனை என்றால் ஆவியாகிற எண்ணெய். முதல் வருஷ ஆராய்ச்சிக்குச் சேர்ந்திருக்கும் அபிதா எடுத்திருப்பது ஓமவல்லி. அதில் வாசனையைத் தவிர வேறு என்ன இருக்கிறது?

“அபிதா தட்டு இப்ப உள்ளதான் இருக்கு மேடம்,” என்றாள். “காலையில வச்சா.”

மேடம் படிவத்தை விட்டார். சஜ்னா அதை மடிக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு ஆய்வகத்துக்குப் போய், முதலில் ஓவனின் சுவிட்சை அணைத்தாள்.